அமுக்கப்படாத பொத்தான்: இறம்பொடை லயங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

1. களம்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில், 109 மீற்றர் உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டும் ஊர் இறம்பொடை. அந்தத் தண்ணீர் கொத்மலை நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, 201 மெகாவாற்று நிலையத்தில் கரண்டாகிறது. 230 வோல்ட்டில் லயக் காம்பராவுக்குள் நுழையும் கரண்டுக்குக் காவல் ட்ரிப் சுவிட்ச். அதன் மீது ‘டி’ என்று எழுதிய சிறு பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அமுக்க வேண்டியது. யாரும் அமுக்குவதில்லை. ஏன்?

2. கோட்பாடு

ட்ரிப் சுவிட்ச் ஒரு கணக்கப்பிள்ளை. லைன் வயரில் போன கரண்ட் நியூட்ரலில் முழுதாகத் திரும்பியதா என்பதே அதற்குக் கவலை. 30 மில்லி அம்பியர் குறைந்தாலும், அது யாரோ ஒருவர் உடம்பு வழியே மண்ணுக்குப் போவதாகச் சந்தேகித்து, 0.3 செக்கனுக்குள் துண்டிக்கும். கொழுந்து நிறுப்பவர் கிலோக் கணக்கில் கழிப்பார். இந்தக் கணக்கப்பிள்ளை அவ்வளவு தாராளமானவர் அல்லர்.

பெர்க்கலிப் பேராசிரியர் சார்ல்ஸ் டால்சீல், தொண்டர்களின் கையில் கரண்ட் பாய்ச்சியே ஆராய்ந்தார். சராசரியாக ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 10.5 மில்லி அம்பியரைத் தாண்டினால் பிடித்த வயரை விட முடியாது என்று கண்டார். நம் கை விடாதபோது சுவிட்ச் விடுவிக்கிறது.

ஒரு குறை: இரு வயரையும் ஒருவர் சேர்த்துப் பிடித்தால் வரவும் செலவும் சரியாக இருக்கும்; ஆள்தான் இருக்கமாட்டார்.

3. கொள்கைப் பிரிவுகள்

‘தொட்டால் கெடும்’ வாதிகள்: ஓடுகிற சாமானில் கை வைக்காதே என்பது இவர்கள் வேதம்.

இடிமுழக்கவாதிகள்: இடி இடித்தால் சுவிட்ச் தானே விழுகிறதே, தனியாகச் சோதனை எதற்கு என்பர். போன ஐப்பசியில் விழுந்தது இந்தப் பங்குனிக்குச் சாட்சி ஆகாது.

சிக்கனவாதிகள்: எப்படியும் கரண்ட் போன நேரத்தில் அமுக்கிப் பார்ப்பர். கரண்ட் இல்லாமல் அந்தப் பொத்தான் வேலை செய்யாது. சோதனை வேண்டுமென்றால் இருக்கிற கரண்டை நாமே இழக்க வேண்டும். மழைக்காலமெல்லாம் கரண்டுக்குக் காத்திருந்த ஊரில் இதற்கு யார் மனம் துணியும்?

4. செய்முறை

பொத்தானை அமுக்கியதும் சுவிட்ச்சின் நெம்பு ‘டக்’கென்று விழ வேண்டும். விழாவிட்டால் மெயினை நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவும். திரும்பத் தூக்கினாலும் நிற்காவிட்டால் கயிறு கட்டி நிறுத்துவது ஆராய்ச்சி ஆகாது. பிளக்குகளை எல்லாம் கழற்றி, நெம்பைத் தூக்கி, ஒவ்வொன்றாகச் செருகினால் குற்றவாளி பிடிபடும். அயன் பெட்டியும் ஹீட்டரும் முதல் சந்தேக நபர்கள். எல்லாம் கழற்றியும் நிற்காவிட்டால் குற்றம் வயரிங்கில். பொத்தான் சுவிட்ச்சை மட்டுமே சோதிக்கும். எர்த் கம்பி துருப்பிடித்ததா என்று சொல்லாது.

5. முடிவு

உகந்த நாள் சம்பள நாள். மாதம் தவறாமல் நினைவிருப்பது அது ஒன்றுதான். உகந்த நேரம், டீவி நாடகம் உச்சத்தில் இருக்கும்போது. நெம்பு விழுந்து, வீடு முழுவதும் “எவன்டா அது?” என்று கத்தினால் அந்தக் குடும்பம் பாதுகாப்பாக இருக்கிறது. நாடகம் தடையின்றித் தொடர்ந்தால்தான் பயப்பட வேண்டும்.