ஆறு பேரிங் மாமா

ராத்திரி பத்தே முக்காலுக்கு மாமாவிடமிருந்து போன். "மாப்ள, அஞ்சு புள்ளி ரெண்டா, ஆறு புள்ளி ரெண்டா? நீ என்ன சொல்ற?"

தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்தேன். மாமாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. "ஆறு புள்ளி ரெண்டுன்னா எல்லைக்கோட்டுல நிக்குதுங் மாமா. ஸ்வீட்டைக் குறைச்சுட்டுக் காலைல ஒரு மணி நேரம் நடந்தீங்கன்னா மூணு மாசத்துல எறங்கிரும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சர்க்கரையை யாரு கேட்டா? நான் கியர் ரேஷியோவக் கேக்கறேன்" என்றார்.

மாமா மறுபடி மீன் பிடிக்கப் போகிறார் என்பது எனக்கு இப்படித்தான் தெரியவந்தது.

இந்த ஜாதி மனிதர்கள் கோயமுத்தூரில் இப்போது வீதிக்கு ஒருவர் இருக்கிறார்கள். கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ ஒரு பட்டறை. முப்பது வருஷம் பம்புக்கு இம்பெல்லர் கடைந்து, திரும்பி வந்த செக்குக்கு அலைந்து, கரண்ட் போன நேரத்தில் மட்டும் சோறு தின்று பிழைத்தவர்கள். ஒரு நாள் மகன் வந்து, "நீங்க வீட்ல ஓய்வா இருங்கப்பா" என்கிறான். அப்பா வீட்டில் இருப்பார் என்று அந்த வீட்டில் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். முதல் வாரம் அவர் கிணற்று மோட்டாரைக் கழற்றி மாட்டுவார். இரண்டாம் வாரம் கிரைண்டர். மூன்றாம் வாரம் மாமாவின் கை மிக்ஸி பக்கம் போனபோது, அத்தை அவர் கையில் செல்போனைத் திணித்து, "இதுல எதாச்சும் பாருங்க சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள்.

பார்த்தார். ஒரு அமெரிக்கன் படகில் நின்றுகொண்டு வாய் பெருத்த ஒரு மீனைத் தூக்கி, அதற்கு முத்தம் கொடுத்து, மறுபடி தண்ணீரிலேயே விட்டான். பாஸ் என்றார்கள் அதை. மாமாவுக்கு மீனை விட்டது பிடிக்கவில்லை. அவன் கையிலிருந்த ரீல் பிடித்துப்போயிற்று.

மாமா மீன் பிடித்தவர்தான். பொய்யில்லை. கோபி பக்கம் அமுச்சி ஊரில், தடப்பள்ளி வாய்க்கால் ஓரம், ஐந்தாவது படிக்கும்போது. அன்றைய தளவாடங்கள்: ஒரு மூங்கில் விளார், பாதி முடிச்சும் பாதி நரம்புமாக ஒரு தங்கூசி, ஒரு தூண்டில் முள், தக்கைக்குச் சோளத்தட்டைச் சீவிய துண்டு, சாணிக்குப்பையில் நோண்டிய மண்புழு. முள்ளைத் தவிர எதற்கும் காசு கொடுத்ததில்லை. அந்த முள்ளும் அண்ணன் பெட்டியிலிருந்து எடுத்தது. இந்த ஐந்து சாமான்களில் கழற்றிப் பார்க்க ஒன்றுமே கிடையாது. மாமா மீன் பிடிப்பதை அன்று விட்டதற்கு அதுதான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இன்னொரு சின்னச் சிக்கலும் இருந்தது. பாஸ் அமெரிக்க ஏரிகளின் மீன். பவானியிலும் கிடையாது, நொய்யலிலும் கிடையாது. அந்தப் பெயரில் நமக்குக் கிடைப்பது கொடுவா மட்டும்தான். வெள்ளைக்காரன் அதை ஆசியக் கடல் பாஸ் என்பான். ஆனால் அதற்குக் கழிமுகம் வேண்டும். கோயமுத்தூர்க்காரன் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிக் கேரளத்துக்கு அல்லவா போக வேண்டும்? மாமா இதை ஒரே வார்த்தையில் தீர்த்தார். "நமக்கு விரால்தான் மாப்ள பாஸு."

யோசித்தால் அது சரிதான். இரண்டும் கொடியும் பாசியும் அடர்ந்த இடத்தில் பதுங்கி நின்று பாயும் மீன்கள். அங்கே அல்லி இலை, இங்கே ஆகாயத்தாமரை. விரால் மூச்செடுக்க மேலே வரும். ரப்பர் தவளையை இலை மேல் இழுத்தால் வெடிச் சத்தத்தோடு கவ்வும். மாமா இதையெல்லாம் எனக்குச் சொன்னபோது, அவர் ஒரு விராலைக் கூட நேரில் தேடிப் போயிருக்கவில்லை. அவர் தேடிக்கொண்டிருந்தது பேரிங்.

ரீல் வாங்குவதில் ஊருக்கு ஊர் சுபாவம் இருக்கும் போலிருக்கிறது. வேறு ஊர்க்காரன் விலை கேட்பான், கலர் கேட்பான். கோயமுத்தூர்க்காரன் கேட்பது: "பேரிங் எத்தனை? கியர் பித்தளையா, அலாயா? ஷாஃப்ட் எஸ்எஸ்ஸா? கழட்டிப் பாக்கலாமா?" கடைப் பையன் நாலு பேரிங் என்றதும் மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. "ஆறு கெடையாதா?" ஆறு பேரிங் ரீலை எடுத்துக் கொடுத்ததும் கைப்பிடியைச் சுற்றி, காதோரம் வைத்து, டாக்டர் நெஞ்சைக் கேட்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். "மூணாவது பேரிங்ல ஒரு கரகரப்பு இருக்குது" என்றார். பையன் தன் வாழ்நாளில் கேட்டிராத குற்றச்சாட்டு அது.

அஞ்சு புள்ளி ரெண்டு என்றால் கைப்பிடியை ஒரு சுற்று சுற்ற, நரம்பைச் சுருட்டும் ரோட்டர் ஐந்தே சொச்சம் சுற்று சுற்றும். ஆறு புள்ளி ரெண்டு என்றால் இன்னும் வேகம், ஆனால் இழுவை குறைவு. இதில் முடிவெடுக்க மாமாவுக்குப் பதினேழு நாள் ஆயிற்று. தன் கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலமே சரி சொன்னவர் அவர்.

கம்பெனிகளின் ஜாதகமும் வேண்டும். ஷிமானோ 1921இல் ஜப்பானில் சகாய் நகரத்தில் சைக்கிள் ஃப்ரீவீல் செய்து ஆரம்பித்த பட்டறை. தூண்டில் பக்கம் வந்ததே 1970இல்தான். ஆபு என்கிற ஸ்வீடன் கம்பெனியும் அதே 1921தான். முதலில் கடிகாரம், அப்புறம் டாக்ஸி மீட்டர். உலகப் போரில் மீட்டருக்குக் கிராக்கி போனதும் ரீலுக்குத் திரும்பியவர்கள். மாமாவுக்கு இரண்டு பேர் மேலும் பாசம் பொங்கிவிட்டது. "ரெண்டும் நம்ம மாதிரி ஜாப் ஒர்க் பண்ணி மேல வந்ததுக மாப்ள!"

அவரை நிஜமாகவே தூங்கவிடாமல் செய்தது இன்னொரு சங்கதி. இன்று கடையில் விற்கும் ஸ்பின்னிங் ரீலுக்கு முன்னோடியான ரீலுக்கு 1905இல் காப்புரிமை வாங்கியவர் இல்லிங்வொர்த் என்ற ஆங்கிலேயர். பிராட்ஃபோர்டில் கம்பளி நூல் மில் குடும்பம். மில்லில் அசையாமல் நிற்கும் பாபின் முனையிலிருந்து நூல் உருவி ஓடுவதைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். இதைக் கேட்ட மாமா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "நம்மூர்ல ஸ்டேன்ஸ் மில்லு 1888லயே வந்தாச்சு. அவனுக்குப் பதினேழு வருசம் முந்தி! தெனம் மூணு ஷிஃப்ட்டு பாபினைப் பாத்தோம். ஒருத்தனுக்குத் தோணல பாரு!" ஜி.டி. நாயுடு ஒரே ஒரு நாள் மீன் பிடிக்கப் போயிருந்தால் கதையே வேறு என்பது அவருடைய தீர்ப்பு. எனக்கும் அதில் மறுப்பில்லை.

அத்தையிடம் விலை சொல்வது எப்படி? இங்கேதான் நான் மாமாவின் மூளையை மெச்சினேன். ரீலுக்கெல்லாம் அளவு நம்பர் உண்டு: 1000, 2500, 4000 என்று. அது பருமனைக் காட்டுகிற எண். விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அத்தை, "இதென்னங்க?" என்றதும் மாமா பெட்டியின் மேலிருந்ததை அப்படியே வாசித்தார்: "ரெண்டாயிரத்தி ஐந்நூறு." ஒரு எழுத்து பொய்யில்லை. அடுத்த மாதம் வந்தது நாலாயிரம். "வெலைய ஏத்திப்போட்டானா?" என்று அத்தை வருத்தப்பட்டாள். மூன்றாவதாக வந்தது ஆயிரம் என்றதும், "பரவால்ல, இதாச்சும் சல்லிசா வாங்குனீங்களே" என்று பாராட்டி ஒரு டம்ளர் காப்பி கொடுத்தாள். ரீல் விடுவது என்று தமிழில் எதற்குப் பெயர் வைத்தார்களோ, அதை ரீலை வைத்துக்கொண்டே செய்தவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வாங்கிய மறுநாளே மூன்றும் பட்டறை மேஜையில் பிரிந்து கிடந்தன. பேரிங்கைப் பெட்ரோலில் கழுவி, புதுக் கிரீஸ் வைத்து, வாஷரைத் தேய்த்து, திரும்பப் பூட்டியபோது ஒரு குட்டி ஸ்பிரிங் மிச்சமாயிற்று. "அது எச்சாப் போட்டு அனுப்பிட்டான்" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு டிராக் சோதனை. பெரிய மீன் இழுக்கும்போது நரம்பு அறுந்துவிடாமல், ரீல் தானே கொஞ்சம் வழுக்கி விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு அது. நம் பாஷையில் கிளட்ச். நரம்பு அறுகிற எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு அதை வைக்கச் சொல்வார்கள். மாமா கேட்டில் ஸ்பிரிங் தராசைக் கட்டி மூன்று கிலோவுக்கு வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். நிலையான எடையை நம்பக் கூடாது, ஓடுகிற எடை வேண்டும் என்று பேரனின் இடுப்பில் நரம்பைக் கட்டி, "ஓடு சாமி, பேக்கரி வரைக்கும் ஓடு" என்றார். பேரன் ஓடினான். ரீல் கிர்ரென்று கத்தியது. மாமா ராடை வளைத்துப் பின்னால் சாய்ந்து நின்ற கோலத்தைப் பார்த்து நாலு வீட்டு வாசலிலும் ஆள் கூடிவிட்டது. குறுக்கே வந்த பால்காரரின் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் நரம்பு மாட்டியது பேரனின் குற்றமில்லை. இரண்டு கேன் பால் வீதியில் ஓடியது. மாமா மட்டும் மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாத்தியா, அறுகல! அறுகல பாத்தியா!"

பால் பணம் கொடுத்தது அத்தை.

அப்புறம் இரைகள். ரப்பர் தவளை, பிளாஸ்டிக் புழு, தகரக் கரண்டி, கண் வைத்த மரமீன் என்று நாற்பத்துச் சொச்சம். அடுக்கி வைக்க அறை அறையாகத் தடுத்த ஒரு பெட்டி. அத்தை அதைத் திறந்து பார்த்து, "அஞ்சறைப் பெட்டில கடுகாச்சும் இருக்கும்" என்று மூடிவிட்டாள். பாஸ் மீனில் பழைய உலக சாதனை ஜார்ஜ் பெர்ரி என்பவருடையது. 1932இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பிடித்தது, பத்துக் கிலோ. அவருக்கும் கூட வந்தவருக்கும் சேர்த்து ஒரே ராடு, ஒரே இரை என்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு குழம்பு வைத்துத் தின்றுவிட்டார்கள். மாமாவிடம் சொன்னேன். "அவனுக்கு அன்னைக்கு வசதி அவ்வளவுதான் மாப்ள" என்றார் இரக்கத்தோடு.

இப்படியே ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. தென்மேற்குப் பருவத்தில் நொய்யலில் தண்ணீர் வந்து குளங்கள் நிரம்பின. "கொடிவேரி போனா மசாலா தடவிப் பொரிச்சே தர்றான். முள்ளையும் எடுத்துத் தந்தாக் கூடத் தருவான்" என்று அத்தை குத்திக்காட்டத் தொடங்கிய பிறகு, ஒரு சனிக்கிழமை விடியலில் மாமா என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். சூலூருக்கு அந்தப் பக்கம் ஒரு குளம். எதுவென்று சொன்னால் கோபித்துக்கொள்வார். குத்தகைக்காரரிடம் சொல்லியாயிற்று. அது புரட்டாசிச் சனிக்கிழமை. மீன் கிடைக்கும் என்று எங்கள் இருவருக்குமே நம்பிக்கை இல்லாததால் நாளைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

விசிறித் தொப்பி, பன்னிரண்டு பை வைத்த அங்கராக்கு, கறுப்புக் கண்ணாடி என்று மாமா கரையில் நின்றார். மூங்கில் குச்சியோடு ஒரு பையன் வந்து அவரைத் தோற்கடிப்பான் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம்; நானும் எதிர்பார்த்தேன். பையன்கள் வந்தார்கள். அவர்கள் கையில் மாமாவுடையதை விட நல்ல ரீல் இருந்தது. அதில் ஒருவன் மாமாவின் நாலாவது ரீலைப் பார்த்து, "பெய்ட்காஸ்டர்ங்களா அங்கிள்? கட்டை விரல வெச்சே புடிங்க, இல்லாட்டிச் சிக்கிரும்" என்றான். (நாலாவது எப்போது வந்தது என்று எனக்கே தெரியாது.)

மாமா கட்டை விரலை வைக்கவில்லை. ஆறு பேரிங் இருக்கும்போது விரல் எதற்கு? வீசினார். தவளை பறந்தது. தவளை நின்ற பிறகும் ஸ்பூல் நிற்கவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் ரீலின் மேல் தூக்கணாங்குருவிக் கூடு ஒன்று முளைத்துவிட்டது. தவளை பத்தடி தூரத்தில் ஆகாயத்தாமரை ஓரமாக மல்லாந்து கிடந்தது.

மாமா வரப்பில் உட்கார்ந்தார். கண்ணாடியை மாற்றினார். கூட்டிலிருந்து ஒரு நூலை இழுத்தார், இன்னொன்றைத் தள்ளினார். முக்கால் மணி நேரம். மூன்று மாதத்தில் அவர் முகத்தில் நான் அவ்வளவு நிம்மதியைப் பார்த்ததில்லை.

அப்போதுதான் தண்ணீர் வெடித்தது.

மல்லாந்து கிடந்த தவளையைக் காணோம். நரம்பு விறைத்தது. மாமா கைப்பிடியைச் சுற்றினார், கூடு விடவில்லை. டிராக்கைத் திருகினார், அதற்குள்ளும் கூடு. ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு ராடை அப்படியே கீழே போட்டுவிட்டு, நரம்பை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு, கைமாற்றிக் கைமாற்றி இழுத்தார். தொப்பி விழுந்தது. வேட்டியாக இருந்திருந்தால் அதுவும் விழுந்திருக்கும். முழங்கை நீளத்துக்கு, கறுத்து, வழுவழுவென்று ஒரு விரால் வரப்பில் வந்து துள்ளியது. அதை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு மாமா சிரித்த சிரிப்புக்கு முன்னம்பல் இரண்டும் விழுந்திருக்க வேண்டும், அவ்வளவு சின்னப் பையனாக இருந்தார்.

"ஏனுங் மாமா, இன்னைக்குப் புரட்டாசிச் சனிக்கெழமை" என்றேன்.

மாமா மீனைப் பார்த்தார். மீன் மாமாவைப் பார்த்தது. அத்தை வீட்டில் தளிகை போட்டுக்கொண்டிருக்கும் நேரம் அது. அந்தப் பையன்கள் செல்போனோடு நெருங்குவதைக் கண்டதும் நிமிர்ந்து நின்றார். தொப்பியை எடுத்து மாட்டினார். விராலின் மண்டையில் ஒரு முத்தம் கொடுத்து, தண்ணீரில் விட்டு, "நாம எப்பவுமே கேட்ச் அண்ட் ரிலீஸ்தான் தம்பி" என்றார்.

அன்று கையில் நரம்பு அறுத்த காயம். அதற்கு ஊசி போடப் போன இடத்தில் ரத்தமும் எடுத்திருக்கிறார்கள் போல. ரெண்டு நாள் கழித்து அத்தை போன் செய்தாள். குரல் சரியாயில்லை. "கண்ணு, உங்க மாமனுக்கு ஏழு புள்ளி ஒண்ணு வந்திருக்குது."

"அது ரொம்ப வேகமுங் அத்தை, விராலுக்கு ஒத்துவராது" என்றேன். "திருப்பிக் குடுத்துட்டு அஞ்சு புள்ளி ரெண்டே வாங்கிக்கச் சொல்லுங்க."