மண் படாத மாவீரன்

அட்வென்ச்சர் பைக் என்ற இந்தக் கூத்தை ஆரம்பித்து வைத்தவர் தியெரி சாபீன் என்ற பிரெஞ்சுக்காரர். 1977இல் அபிஜான்–நீஸ் பந்தயத்தில் யமஹா எக்ஸ்.டி.500ஐ ஓட்டிப் போனவர், லிபியப் பாலைவனத்தில் வழி தவறிவிட்டார். நாமாக இருந்தால் உயிரோடு வீடு திரும்பியதும் குலதெய்வத்துக்கு மொட்டை போட்டுவிட்டு, மிச்சக் காலத்தை பஸ்ஸிலேயே ஓட்டியிருப்போம். மனுஷர் திரும்பி வந்து, ‘நான் மட்டும் தொலைந்தால் போதுமா?’ என்று ஊரையே கூட்டிவிட்டார். 1978 டிசம்பர் 26ஆம் தேதி பாரிஸிலிருந்து ஒரு கூட்டம் கிளம்பி, சஹாராவைத் தாண்டி டக்கார் வரை போனது. பைக்கில் முதலில் வந்தவர் சிரில் நெவே. ஓட்டியது அதே எக்ஸ்.டி.500.

சும்மா இருக்குமா யமஹா? 1983இல் ஏறக்குறைய 30 லிட்டர் பிடிக்கும் டேங்கை மாட்டி ஒரு பைக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்து, நைஜர் நாட்டுப் பாலைவனம் ஒன்றின் பெயரை அதற்கு வைத்தது: தெனேரே. இந்தத் தெனேரேவுக்கு ஒரு பெருமை உண்டு. சுற்றுவட்டாரத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு வேறு மரமே இல்லாமல், ஒரே ஒரு மரம் நின்றுகொண்டிருந்த இடம் அது. 1973இல் ஒரு லாரி வந்து சரியாக அந்த மரத்தில் மோதிச் சாய்த்தது. மரத்தின் மிச்சத்தை நியாமே அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் திரும்பவும் இடமிருந்தும் முட்டிக்கொள்ள முடியும் என்று நிரூபித்த மண்ணின் பெயரை வண்டிக்கு வைக்க ஒரு தைரியம் வேண்டும்.

பைக்குகள் விற்றுத் தீர்ந்தன. வாங்கியது யார் என்று பார்த்தால் மிலான் வங்கி குமாஸ்தா, மியூனிக் பல் டாக்டர், லியோன் வாத்தியார். இவர்கள் வாழ்நாளில் செய்த அதிகபட்ச சாகசம், பிளாட்பாரத்தின் மேல் வண்டியை ஏற்றி நிறுத்தியது. அதற்கு 21 அங்குல முன்சக்கரம் எதற்கு? கல்லும் குழியும் ஏறி இறங்கப் பெரிய சக்கரம் நல்லதுதான், சந்தேகமில்லை. ஆனால் தார் ரோட்டு வளைவில் அது சோம்பேறி. வண்டியைச் சாய்க்கச் சொன்னால் யோசித்துவிட்டுத்தான் சாயும். சிக்னலில் நின்றால் ஒரு கால்தான் தரைக்கு எட்டும், அதுவும் நுனிவிரல் மட்டும். வீரம் என்றால் சும்மாவா?

1991க்கு வருவோம். அந்த வருஷம் டக்கார் பந்தயத்தில் ஸ்டெஃபான் பீட்டர்ஹான்சல் முதல்முறையாக ஜெயித்தார், யமஹாவில். அதன்பின் 1998க்குள் இன்னும் ஐந்து முறை ஜெயிக்கப் போகிற ஆள். பாலைவனமே நமக்குத்தான் என்று மார்தட்டிக்கொள்ள வேண்டிய நேரத்தில், அதே வருஷம் அதே யமஹா ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது. பெயர் டி.டி.எம்.850. தெனேரேவின் அண்ணனான சூப்பர் தெனேரேவின் 749 சி.சி. இரட்டை சிலிண்டர் என்ஜினை 849 ஆக்கி, சிலிண்டருக்கு ஐந்து வால்வு என்ற ஆடம்பரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, முன்னால் 18, பின்னால் 17 அங்குலச் சக்கரம் போட்டு, ரோட்டு டயரையும் மாட்டிவிட்டார்கள். ஹேண்டில்பார் உயரம், நிமிர்ந்து உட்காரும் சீட், தாராளமான சஸ்பென்ஷன் எல்லாம் உண்டு. மண் மட்டும் கிடையாது. ‘நீ எங்கே போவாய் என்று எனக்குத் தெரியும். வா, ஆபீசுக்குப் போகலாம்’ என்று வாடிக்கையாளரின் முகத்துக்கு நேரே சொன்ன முதல் சாகச வண்டி இதுதான் என்பேன்.

முகம் என்றதும் அதைச் சொல்லாமல் விட முடியாது. முன்னால் இரண்டு உருண்டை விளக்கு, கையும் களவுமாகப் பிடிபட்டவன் முழிக்கிற முழி. அழகுப் போட்டிக்கு அனுப்பும் உத்தேசம் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

உண்மை பேசியவனுக்கு என்ன மரியாதை கிடைக்குமோ அதுதான் அமெரிக்காவில் கிடைத்தது. அங்கே ஒரு பைக் என்றால் குரூஸராக இருக்க வேண்டும், அல்லது குப்புறப் படுத்து ஓட்டும் ஸ்போர்ட்ஸ் பைக்காக இருக்க வேண்டும். இது எந்த ஜாதி என்று கேட்டுக் கேட்டே 1992, 93 என்று இரண்டு மாடல் வருஷத்தில் கடையைக் கட்ட வைத்துவிட்டார்கள்.

ஐரோப்பாவில் கதை வேறு. பிரான்சில் 100 குதிரைத்திறனுக்கு மேல் பைக்கே விற்கக்கூடாது என்று ஒரு சட்டம் 2016 வரை இருந்தது. டி.டி.எம்.முக்கு இருந்ததோ 80க்குப் பக்கத்தில். சட்டம் அதை என்ன செய்யும்? இத்தாலியின் ஸ்டெல்வியோ மலைப்பாதையில் ஒரு பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். அந்த மாதிரி இடத்தில் 130 குதிரைக்காரன் மணிக்கட்டு வலியோடு ஒவ்வொரு வளைவுக்கும் தவம் கிடக்கும்போது, பின்னால் மனைவியும் இரண்டு பக்கமும் பெட்டியுமாக ஒரு டி.டி.எம். ஆசாமி சத்தமில்லாமல் தாண்டிப் போவார். தாண்டப்பட்டவர் அதை வீட்டில் சொல்லமாட்டார்.

சத்தமில்லாமல் என்பது கொஞ்சம் மிகை. நின்றுகொண்டிருக்கும் வண்டியில் கிளட்ச்சைப் பிடித்து, நியூட்ரலிலிருந்து முதல் கியரைக் காலால் அழுத்தினால் ‘டங்’ என்று ஒன்று கேட்கும். புதிதாக ஓட்டுகிறவன் எதையோ உடைத்துவிட்டோம் என்று குனிந்து பார்ப்பான். பழகினவன் பாட்டுக்குக் கிளம்பிவிடுவான். அந்த ஐந்து கியர் பெட்டியின் சுபாவமே அப்படி.

இனி நான் மிகவும் ரசிக்கும் அத்தியாயம், பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க். முதல் டி.டி.எம்.மில் 360 டிகிரி கிராங்க். இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும்; ஒரு சுற்றுக்கு ஒரு வெடி. தாளம் பிசகாது, கேட்பவனுக்குத் தூக்கம் வரும். இன்னொரு தொல்லையும் உண்டு: இரண்டும் ஒரே சமயத்தில் உச்சியில் போய் ஒரு கணம் நிற்பதால், கிராங்கின் வேகம் ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் ஏறி இறங்கும். 1995இல் டி.ஆர்.எக்ஸ்.850 என்று ஒரு வண்டியில் யமஹா கிராங்கை 270 டிகிரிக்குத் திருப்பியது. (அந்த வண்டியின் குழாய்ச் சட்டம் யாரைப் பார்த்து எழுதிய பரீட்சை என்று டுகாட்டிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.) இப்போது ஒரு பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மற்றது நடுவழியில் ஓடிக்கொண்டிருக்கும். வெடிக்கிற இடைவெளி ஒரு தடவை 270 டிகிரி, மறு தடவை 450. 90 டிகிரி வி-ட்வினின் அதே நொண்டித் தாளம். ஜப்பான் செலவில் இத்தாலிச் சத்தம்! 1996இல் டி.டி.எம்.முக்கும் அதே கிராங்க் வந்தது.

போட்டியாளர்கள் இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. அவர்கள் இன்னும் பாலைவன வேஷத்தைக் கலைக்கவில்லை. 1993இல் டிரையம்ஃப் மூன்று சிலிண்டரும் 24 லிட்டர் டேங்குமாக டைகரை அவிழ்த்துவிட்டது. 1994இல் பி.எம்.டபிள்யூ. ஆர்1100ஜி.எஸ். நூற்றாண்டு முடிகிற நேரத்தில் ஹோண்டா வராதெரோ, கியூபாவின் கடற்கரை ஒன்றின் பெயர். இவனாவது மணலைச் சொன்னானே தவிர சாகசம் என்று சொல்லவில்லை. 2004இல் இவான் மெக்ரிகோர் என்ற நடிகர் நண்பரோடு ஜி.எஸ்.ஸில் லண்டனிலிருந்து நியூயார்க் வரை கிழக்கே சுற்றிக்கொண்டு போய் அதைத் தொலைக்காட்சித் தொடராக்க, பல் டாக்டர்கள் மொத்தமாக அலுமினியப் பெட்டி வாங்கினார்கள். பெட்டிக்குள் போனது மதியச் சாப்பாடு.

டி.டி.எம். 2002இல் 897 சி.சி.யும் ஆறு கியரும் அலுமினியச் சட்டமுமாக வளர்ந்து, அடுத்த பத்தாண்டின் தொடக்கத்தில் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் தமாஷ். ரோட்டுக்கென்றே செய்த உயரமான பைக் திடீரென்று நாகரிகமாகிவிட்டது. 2015இல் யமஹாவே டிரேசர் என்ற பெயரில் அதே யோசனையை விற்றது. 2016இல் மண்ணுக்கே பிறந்தவன் என்று பட்டம் கட்டிய ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின் மறுபடி வந்தபோது உள்ளே இருந்தது 270 டிகிரி கிராங்க். 2018இல் பி.எம்.டபிள்யூ. எஃப்850ஜி.எஸ்.ஸும் அதையே போட்டுக்கொண்டது. மண் வேண்டாம் என்றவனின் இதயத்தை மண்வீரர்கள் வரிசையாக வாங்கிப் பொருத்திக்கொண்டார்கள்.

அதே 2018இல் சென்னைக்குப் பக்கத்தில் செய்து ராயல் என்ஃபீல்டு விற்ற 650 இரட்டை சிலிண்டர் வண்டிகளிலும் அதே 270தான். ஈ.சி.ஆர். டீக்கடை வாசலில் அதை நிறுத்திவிட்டு, ‘என்ன இருந்தாலும் பழைய புல்லட் சத்தம் வருமா?’ என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் டி.டி.எம். வரலாற்றை எடுத்துச் சொன்னால் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘மைலேஜ் என்ன கொடுக்கும்?’ என்பார்கள்.

பதினெட்டு, இருபது கொடுக்கும் சார்.