லண்டனில் பிரெஞ்சுப் பள்ளி பிடிப்பது எப்படி

முதலில் பிள்ளையைப் பக்கத்துப் பூங்காவுக்கு விளையாட அனுப்பிவிடுங்கள். பள்ளி தேடும் வேலையில் பிள்ளை ஓர் இடைஞ்சல். இனி வரும் ஆறு மாதமும் உங்களுக்கும் உங்கள் கௌரவத்துக்கும் நடக்கப்போகிற பேரம்தான்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், என் அப்பா புதுச்சேரி சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு, முத்தியால்பேட்டைத் திண்ணையில் உட்கார்ந்து பென்ஷன் வாங்கியவர். அவர் புண்ணியத்தில் எங்கள் கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட். அதை வைத்துப் பாரிஸ் புறநகரில் பத்து வருஷம் ஓட்டினோம். பிறகு, சொந்தக்காரர்கள் எல்லாரும் போகிறார்களே என்று, கடலுக்கடியில் ஓடும் ரயிலைப் பிடித்து லண்டன் வந்து சேர்ந்தோம். வீட்டில் கொஞ்சல் தமிழ், சண்டை பிரெஞ்சு, வாடகை மட்டும் ஆங்கிலம்.

வாசலில் ஈஃபில் கோபுரம் வரைந்திருந்தால் அது பிரெஞ்சுப் பள்ளி என்று நம்பிவிடாதீர்கள். பல்லாவரத்துத் துணிக்கடையில்கூட அந்தப் படம் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டிய சொல் 'ஓமொலொகாசியோன்'. பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் வெளிநாட்டுப் பள்ளிக்குத் தரும் அங்கீகாரம் அது. 130-க்கும் மேற்பட்ட நாடுகளில் 500-க்கும் மேற்பட்ட பள்ளிகள் அதை வாங்கி வைத்திருக்கின்றன. அவற்றை ஒரு வலையாகக் கட்டி மேய்ப்பதற்கென்றே 1990 முதல் பாரிஸில் ஓர் அரசு நிறுவனம் இருக்கிறது. 1826-ல் தொடங்கிய எங்கள் புதுச்சேரிப் பிரெஞ்சுப் பள்ளியான லிசேயும் அந்த வலையில்தான். இதில் லாபம் என்னவென்றால், நாளைக்கே உங்களை டக்காருக்கோ டோக்கியோவுக்கோ தூக்கிப் போட்டாலும் பிள்ளை நுழைவுத் தேர்வு எழுதாமல் அதே வகுப்பில் போய் உட்காரலாம். புது ஊரில் கேஸ் இணைப்புக்கு நீங்கள்தான் அலைய வேண்டும்.

ஆனால் இந்த அங்கீகாரம் வகுப்பு வாரியாக வருவது. சில இடங்களில் மழலை வகுப்புகளுக்கு இருக்கும், அதற்கு மேலே இருக்காது. ஆகவே 'எந்த வகுப்பு வரைக்கும்?' என்று கேளுங்கள். நான் கேட்ட ஓரிடத்தில் இயக்குநர் அம்மையார் அழகாகச் சிரித்து, "வேலை நடந்துகொண்டிருக்கிறது" என்றார். செங்கல்பட்டுப் பக்கம் மனை வாங்கியவன் நான். 'அப்ரூவல் வந்துக்கிட்டே இருக்கு சார்' என்பது பிரெஞ்சிலும் அதே ராகத்தில்தான் ஒலிக்கிறது.

அடுத்தது 'இருமொழி'. ரப்பர் மாதிரி இழுத்த இழுப்புக்கு வருகிற சொல். ஒரு பள்ளியில் பாதி நேரம் பிரெஞ்சு, பாதி நேரம் ஆங்கிலம், இரண்டுக்கும் தனித்தனி ஆசிரியர். இன்னொன்றில் எல்லாம் பிரெஞ்சு, வாரத்துக்குச் சில மணி ஆங்கிலம். மூன்றாவது வகையில் எல்லாம் ஆங்கிலம், செவ்வாய்க்கிழமை பிரெஞ்சில் ஒரு பாட்டு. மூன்று கையேட்டிலும் ஒரே சொல், ஒரே மாதிரி சிரிக்கும் பிள்ளைகள். எனவே கையேட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு, பள்ளி விடும் நேரத்தில் வாசலில் போய் நில்லுங்கள். பிள்ளைகள் எந்த மொழியில் சண்டை போடுகிறார்கள் என்று கேளுங்கள். பாடம் ஆசிரியரின் மொழி. 'அது என் பந்து' என்பது பிள்ளையின் மொழி. லண்டனில் அது அநேகமாக ஆங்கிலமாகத்தான் இருக்கும். மனம் தளர வேண்டாம். உங்கள் பிள்ளையும் சீக்கிரமே சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு 'ஜெ சுயி ஃபினி' என்று ஆங்கிலத்தை அப்படியே பிரெஞ்சாக்கும். சாப்பிட்டு முடித்துவிட்டேன் என்று அது நினைத்துச் சொல்கிறது. பிரெஞ்சுக்காரர் காதில் 'என் கதை முடிந்தது' என்று விழும்.

எந்தப் பகுதி? தென் கென்சிங்டனில் 1915-ல் தொடங்கிய பழைய லிசே இருக்கிறது. சுற்றிலும் ரொட்டிக்கடை, புத்தகக்கடை எல்லாம் பிரெஞ்சு. வீட்டு வாடகை கேட்டால் நமக்கு எந்த மொழியும் வராது. மேலே போகலாம்.

பிள்ளை அக்டோபரில் பிறந்ததா? இந்த யோசனை பத்து மாதம் முன்னாலேயே வந்திருக்க வேண்டும். பிரெஞ்சுக் கணக்கில் ஜனவரி முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் ஒரு வகுப்பு. இங்கிலாந்தில் செப்டம்பர் முதல் ஆகஸ்ட் வரை. எங்கள் சின்னவன் அக்டோபர். ஆங்கிலப் பள்ளியில் அவன் வகுப்பிலேயே பெரிய பையன். பிரெஞ்சுப் பள்ளியில் ஒரு படி மேலே ஏறி, எல்லாரையும்விடப் பொடியன். காலையில் அண்ணன், மாலையில் தம்பி.

இப்போது உங்களைத் தூங்கவிடாத விஷயம். ஆங்கிலப் பள்ளியில் நாலரை வயதிலேயே எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லித்தருவார்கள். எதிர்வீட்டுப் பெண் குழந்தை பேருந்துப் பலகையெல்லாம் படித்துக் காட்டும். அதே வயதில் உங்கள் பிள்ளை பிரெஞ்சு மழலை வகுப்பில் வளையம், கொக்கி, அலை என்று தாள் தாளாகப் போட்டுக்கொண்டிருக்கும். படிப்பு முறையாகத் தொடங்குவது ஆறு வயதில், 'சேபே' வகுப்பில். மூன்று வயதில் விஜயதசமி அரிசியில் விரலைப் பிடித்து 'அ' எழுதவைத்த பரம்பரைக்கு இது தாங்காது. என் மனைவி மூடிய கதவுக்குப் பின்னால் ரகசியமாகப் படிக்கச் சொல்லித்தந்தாள். பிரெஞ்சு ஆசிரியைக்குத் தெரிந்தபோது, வீட்டில் கள்ளச்சாராயம் காய்ச்சியவர்களைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்தார்.

அந்த வளையங்கள் வீண் அல்ல என்பது நோட்டு வாங்கும்போது புரியும். சாதாரணக் கோடு போட்ட நோட்டு செல்லாது. பாந்துவாஸ் ஊர்ப் புத்தகக் கடைக்காரர் செயெஸ் 1892-ல் பதிவு செய்த கோடுதான் வேண்டும்: எட்டு மில்லிமீட்டர் கட்டம், அதற்குள் இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு மெல்லிய கோடு. எந்த எழுத்து எந்தக் கோடு வரை ஏறலாம் என்று சட்டமே உண்டு. கூட்டெழுத்து, மைப்பேனா, நீல மையை அழிக்க ஒரு பேனா, அழித்த இடத்தில் எழுத இன்னொரு பேனா. லண்டன் கடைகளில் இது எளிதில் கிடைக்காது. பாரிஸ் போகிற உறவினரிடம், முன்பு நாம் ஃபாரின் சென்ட்டு கேட்ட தோரணையில், நோட்டு கேளுங்கள்.

கணக்குப் பாடத்தில் உதவலாம் என்று நினைக்காதீர்கள். பிரெஞ்சில் எழுபது என்றால் அறுபதும் பத்தும்; எண்பது என்றால் நாலு இருபது; தொண்ணூற்றேழு, நாலு இருபது பத்து ஏழு. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் நேரான சொல் வைத்திருக்கிறார்கள், பிரான்ஸ் மசியவில்லை. நாமும் ரொம்பச் சிரிக்கக் கூடாது. நூறு வருவதற்குள் தொண்ணூற்றிலும், ஆயிரம் வருவதற்குள் தொள்ளாயிரத்திலும் அவசரப்பட்டவர்கள் நாம். வகுத்தல்தான் கொடுமை. நமக்கு வகுக்கும் எண் இடப்பக்கம், ஈவு மேலே. அவர்களுக்கு வகுக்கும் எண் வலப்பக்கம், ஈவு அதற்குக் கீழே. நான் போட்டுக் காட்டியதை மூத்தவள் கண்ணாடியில் பார்க்க வேண்டுமா என்று கேட்டாள். விடை சரிதான், மரியாதைதான் போயிற்று.

வீட்டுப்பாடம் உண்டா என்று கேட்டால், இல்லை என்று சொல்வார்கள். உண்மைதான்: பிரான்சில் தொடக்கப் பள்ளிக்கு எழுத்து வீட்டுப்பாடம் 1956-லேயே தடை செய்யப்பட்டது. எனவே உங்கள் பிள்ளைக்கு வருவது வீட்டுப்பாடம் ஆகாது. வெள்ளிக்கிழமை சொல்வதெழுதலுக்கான பத்துச் சொற்கள், ஒரு வினைச்சொல்லின் அத்தனை வடிவங்கள், மனப்பாடம் செய்ய ஒரு கவிதை. அவ்வளவுதான்.

கட்டணம்: 2025 ஜனவரி முதல் இங்கிலாந்தில் தனியார் பள்ளிக் கட்டணத்தின் மேல் 20 சதவீத வரி. பிரெஞ்சுக் குடியுரிமை இருந்து வருமானம் குறைவாக இருந்தால் பிரெஞ்சு அரசின் உதவித்தொகைக்குத் தூதரகத்தில் விண்ணப்பிக்கலாம். வங்கிக் கணக்கு, வாடகை ரசீது, வரிச் சீட்டு என்று கேட்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட எங்களிடம் இவ்வளவு கேட்டதில்லை.

கடைசியாக விண்ணப்பப் படிவம். 'வீட்டில் பேசும் மொழிகள்' என்று இரண்டு கட்டம் இருக்கும். பிரெஞ்சு, ஆங்கிலம் என்று நிரப்பிவிட்டு, தமிழை ஓரத்தில், ரேஷன் கார்டில் பேரன் பெயரைச் சேர்ப்பதுபோலப் பொடி எழுத்தில் சேர்த்தேன். செயலர் அம்மா அதற்கு மேலேயே முத்திரை குத்தினார்.

சேர்ந்து இரண்டு மாதம் ஆயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் முத்தியால்பேட்டை ஆயாவுக்குச் சின்னவன் தன் பிரெஞ்சுக் கவிதையை நிமிர்ந்து நின்று ஒப்பித்தான். ஆயா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு முழுக்கக் கேட்டாள்.

"என்னடா இது? உங்க தாத்தா தூக்கத்துல பேசுன மாதிரியே இருக்கு."

"இது கவிதை ஆயா."

"கவிதையா?" ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. "முப்பது வருஷமா என்னைத் திட்டுறாருன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்."