மேலே விதை, கீழே விலை

கேள்வி: தொழிலில் முடிவெடுக்கும் அதிகாரம் தலைமையகத்தில் இருக்க வேண்டுமா, கிளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: உங்கள் மாவட்டத்திலேயே விடை இருக்கிறது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைச் சோளக்காடு போங்கள். தலைசுற்றல் நின்றதும் புரியும்.

கொல்லிமலையில் ஒரு காலத்தில் சாமை, தினை, கேழ்வரகுதான். பிறகு மரவள்ளி வயலைப் பிடித்தது. விதைத்தவர் மலைக்காரர், விலையைத் தீர்மானித்தது என்னவோ அந்தக் கிழங்கை வாங்கும் சமவெளி ஜவ்வரிசி ஆலை!

சிறுதானியத்தை மீட்க இறங்கிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், விதை வங்கியையும் உமி நீக்கும் இயந்திரத்தையும் ஊர்க் குழுக்களிடமே விட்டது. எந்தச் சரிவில் எந்தச் சாமை விளையும் என்பது அங்கே இருப்பவருக்குத்தானே தெரியும்? உரலில் குத்திக் கை காய்த்த பெண்களுக்கு இயந்திரத்தின் அருமை பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. விற்பனைக்கு மட்டும் பொதுப் பெயர். ஊருக்கொரு லேபிள் ஒட்டினால் சென்னைக் கடைக்காரர் எதை நம்பி வாங்குவார்?

1946-இல் குஜராத்தின் ஆனந்தில் தொடங்கிய அமுலும் இப்படித்தான்: பால் சேர்ப்பது கிராமச் சங்கம், விற்பது கூட்டமைப்பு. அதிலும் அமுலை வளர்த்தெடுத்த குரியன் ஒரு படி மேலே போனார். விளம்பரப் பலகையில் என்ன எழுதுவது என்பதை விளம்பரக்காரர் டகுன்ஹாவிடமே விட்டுவிட்டார், ஒப்புதல்கூடக் கேட்க வேண்டாம் என்று!