வீசா எடுத்துப் பார்த்த பூநாரை

யாழ்ப்பாணத்துக்கு ஒவ்வொரு மாரியும் வருகிற பூநாரையை நான் முதன்முதலில் ஆறுதலாக நின்று பார்த்தது இந்தியாவில். அதற்காகக் கடவுச்சீட்டு எடுத்து, வீசா எடுத்து, முகமாலைச் சோதனைச் சாவடியில் இராணுவத்துக்கு ஒருதரமும் அதைத் தாண்டிப் புலிகளுக்கு ஒருதரமும் பையைத் திறந்து காட்டி, கொழும்புக்குப் போய், அங்கிருந்து சென்னைக்குப் பறந்து, பிறகு இரவு முழுக்கப் பேருந்தில் இருந்து நாகபட்டினம் போய்ச் சேர்ந்தேன். பருத்தித்துறையில் நின்று கல்லெறிந்தால் விழாது என்றாலும், அக்கரை ஒன்றும் அவ்வளவு தூரமில்லை. கல்கியின் பூங்குழலி ஓடத்தில் கடந்த கடல்தான். அவளிடம் ஒருவரும் வீசா கேட்கவில்லை.

அது 2006 சனவரி. ஆழிப்பேரலை வந்துபோய் ஒரு வருடம் கழிந்திருந்தது. உளசமூகப் பணி செய்யும் தொண்டர்களுக்கான பயிற்சி என்று எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அந்த நாட்களில் எல்லா நிறுவனங்களும் ஏறக்குறைய ஒரே பயிற்சியைத்தான் கொடுத்தன. பயிற்றுநர் ஆங்கிலத்தில் பேசுவார். ஒருவர் அதைத் தமிழ்நாட்டுத் தமிழில் சொல்லுவார். எங்கள் குழுவில் மூத்தவர் அதை எங்களுக்கு இன்னொருதரம் யாழ்ப்பாணத் தமிழில் சொல்லுவார். வீடு இழந்தவர், பிள்ளையை இழந்தவர், இடம்பெயர்ந்து முகாமில் இருப்பவர் என்று பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்து நடிக்கச் சொன்னார்கள். எங்கள் ஆட்கள் மிகவும் இயல்பாக நடிப்பதாகப் பாராட்டும் கிடைத்தது. அவர்களில் சிலருக்கு வசனம் தேவைப்படவில்லை.

நிகழ்ச்சி நிரலின் கடைசியில் ‘மன அழுத்தத் தளர்வு – காட்டுயிர் பார்வையிடல்’ என்று ஒரு வரி இருந்தது. அதற்காகத்தான் கோடியக்கரை.

வேதாரணியத்தின் உப்பளங்களைத் தாண்டிப் போகும்போதே எனக்கு ஆனையிறவு நினைவுக்கு வந்துவிட்டது. அதே வெள்ளை, அதே காற்று, அதே வெறுமை. ஒரேயொரு வித்தியாசம், இங்கே உப்பு விளைந்துகொண்டிருந்தது. எங்கள் ஆனையிறவு உப்பளம் போரில் செத்துக் கிடந்தது. கோடியக்கரை 1967இலேயே சரணாலயம். 2002இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. வெளிமானைக் காட்டினார்கள். அது மட்டும் எங்கள் ஊரில் இல்லாதது. கறுத்த கிடாய் ஒன்று முறுக்கிய கொம்போடு எங்களைப் பார்த்து நின்றது, நாங்களும் மரியாதையாகப் பார்த்தோம். அடுத்து மட்டக்குதிரைகள் வந்தன. வனக் காவலர் பெருமையாகக் கேட்டார்:

“இந்த மாதிரி காட்டுக்குதிரையெல்லாம் உங்க சிலோன்ல உண்டுங்களா சார்?”

“நெடுந்தீவிலை நிக்குது ஐயா” என்றேன்.

அவர் நம்பினதாகத் தெரியவில்லை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் நெடுந்தீவில் குதிரை வளர்த்ததையும், வளர்த்தவர்கள் போனபிறகு குதிரைகள் மட்டும் தங்கிவிட்டதையும் சொன்னேன். அவருக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. “இதுங்க மேஞ்சுடறதால மானுக்குப் புல்லு பத்தலீங்க” என்றார். அங்கே குதிரை வந்தேறி. நெடுந்தீவில் அது மரபுச் சொத்து. குதிரைக்கு இரண்டும் தெரியாது.

பிறகு சதுப்புக் கரையில் நிறுத்தி, கையில் பைனாகுலரைத் தந்தார்கள். தூரத்தில் வெளிர்சிவப்பாய் ஒரு கோடு. அந்தக் கோடு அசைந்தது. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, சின்ன இறாலையும் பாசியையும் வடித்துத் தின்னும் பறவை. தின்கிற அந்தத் தீனியால்தான் இறகுக்குச் சிவப்பு என்று காவலர் விளக்கினார். நான் பறவையைவிடப் பைனாகுலரைத்தான் அதிகம் பார்த்தேன். எங்கள் கடனீரேரிக் கரையில் இதைக் கண்ணில் வைத்திருந்தால், இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கத்துக்கு வேவு பார்க்கிறேன் என்ற கேள்வி மட்டுமே மிஞ்சியிருக்கும்.

பூநாரை எங்களுக்குப் புதிதல்ல. பண்ணைப் பாலத்தால் போனவர்களும் அராலிப் பக்கம் இருந்தவர்களும் அதைக் காணாமல் இருந்திருக்க முடியாது. கண்டோம், பார்க்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஆனையிறவுப் பாதையும் சங்குப்பிட்டிப் பாதையும் மூடியிருந்தபோது, கிளாலியால் இரவில் வள்ளத்தில் கடனீரேரியைக் கடப்போம். நடுவில் எங்கேயாவது ஒரு கூட்டம் கலைந்து எழும்பும். வள்ளத்தில் இருக்கிற சனம் முழுக்க ஒரே கேள்வியைத்தான் மனதில் கேட்கும்: உதை ஆர் எழுப்பினது? என்ன பறவை என்று விசாரிக்க எவருக்கு நேரம் இருந்தது?

பயிற்சி முடிந்து வந்து சில மாதங்களில், 2006 ஓகஸ்டில், முகமாலையும் மூடியது. மன அழுத்தத் தளர்வு அத்தோடு சரி.

இப்போது எல்லாம் தலைகீழ். 1938இல் பறவைச் சரணாலயமாக அறிவித்த சுண்டிக்குளத்தை 2015 ஜூனில் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், 19,565 ஹெக்டேயர். நெடுந்தீவுக்கும் அதே நாளில் அதே தகுதி கிடைத்தது. போர்க்காலத்தில் உள்ளே போகாதே என்று சொல்ல மிதிவெடி இருந்தது. இன்றைக்குப் பலகை இருக்கிறது. கரையோரத்தில் வலை போடுகிறவர்கள் எல்லைக்கல்லைப் பார்த்து முணுமுணுக்கிறார்கள். அந்த முணுமுணுப்பில் நியாயம் இல்லாமலில்லை. மண்டைதீவில் 2025இல் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு வேலை தொடங்கியபோது, அங்கே இறங்குகிற பறவைகளுக்காகவும் சிலர் குரல் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் பறவைக்காக வழக்காட ஆள் இருப்பதே எனக்குப் புதினம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய புதினம் கப்பல். 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல். நாலு மணித்தியாலம் போதும். அன்றைக்கு உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த காங்கேசன்துறையில், பயிற்சியில் என்னோடு இருந்த வேதாரணியத்துத் தம்பி குடும்பத்தோடு வந்து இறங்கினார், பள்ளிக்கூட விடுமுறை என்று மே மாதத்தில்.

“அண்ணே, உங்க ஊருல பார்க்க என்ன இருக்கு?”

பூநாரை என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் மேயில் அதன் பெரும்பகுதி வடக்கே போய்விடும். வேறு வழியில்லாமல் குறிகட்டுவானுக்குக் கூட்டிப்போய், கடலில் ஒரு மணித்தியாலம் ஆட்டி, நெடுந்தீவில் இறக்கினேன். கொளுத்துகிற வெயில். முருகைக்கல் மதில்களுக்கு அப்பால், விலா எலும்பு தெரிய நாலைந்து குதிரைகள் தண்ணீர்த் தொட்டியடியில் நின்றன. கோடையில் தண்ணீரில்லாமல் அவை சாவதும் உண்டு.

தம்பியின் சின்ன மகள் இரண்டு நிமிடம் பார்த்தாள். “அப்பா, இது நம்ம கோடியக்கரையிலயே இருக்கே. இதுக்கா கப்பல்ல வந்தோம்?” என்றாள்.

தம்பி என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

எங்கள் பிள்ளைகள் மட்டும் என்ன? பள்ளிக்கூடச் சுற்றுலா என்றால் பின்னவலையில் யானை குளிக்கிறதைப் பார்க்கத்தான் பேருந்து தெற்கே போகிறது. சுண்டிக்குளத்தைப் பாடப்புத்தகத்தில் படித்துவிட்டுப் போகிறார்கள். ஆசிரியர்மாரே, மார்கழி தொடங்கிப் பங்குனிக்குள் ஒரு விடியப்புறம் பிள்ளைகளை அராலிக்கோ சுண்டிக்குளத்துக்கோ கூட்டிப்போங்கள். வீசா தேவையில்லை. ட்ரோனை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். படத்துக்காகக் கூட்டத்தைக் கலைத்தால் அது தீனியை விட்டுவிட்டு எழும்பும், மறுபடி இறங்க நேரம் எடுக்கும்.