ஒத்த வார்த்தை ஒட்டாம டெட் டாக் பாக்கது எப்படி?

ஏலே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. இங்கிலீஷ் வார்த்தை பெருக்கணும்னு காலையில இருந்து டெட் டாக் பாக்கியாமே, உங்க ஆச்சி சொல்லிப் பூரிச்சுப் போறா. நானும் ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். செவப்பு வட்டத்துல நின்னு ஒருத்தன் பேசுதான், நீ தலையாட்டுதே. கூட்டம் சிரிக்கு, நீயும் சிரிக்கே. பூம்பூம் மாடுகூட இம்புட்டு ஒழுங்கா ஆட்டாதுலே.

இவ்வளவு சிரத்தையா இருக்கவனுக்கு நாலு யோசனை சொல்லாட்டா நான் என்ன தாத்தா?

மொதல் காரியம், கீழ தமிழ் எழுத்தை ஓட விட்டுரு. 2009-ல இருந்து ஊர் உலகத்துத் தன்னார்வலர்கள் காசு வாங்காம உக்காந்து, நூறு மொழிக்கு மேல எழுதி வச்சிருக்காவ. அவுக பாடு வீணாப் போகலாமா? கண்ணு தமிழை வாசிக்கட்டும், காது பாட்டுக்குச் சும்மா கெடக்கட்டும். பேச்சு முழுக்கப் புரிஞ்சிரும். இங்கிலீஷ்தான் வராது, அது கெடக்கட்டும்.

ரெண்டாவது, வேகத்தை ஒன்றரை மடங்கா வையி. 18 நிமிசத்துக்கு மேல பேசக்கூடாதுங்கது அங்க உள்ள கணக்கு. அதையும் 12 நிமிசத்துல முடிச்சிட்டா ஒரு மணி நேரத்துல 5 பேச்சு ஆச்சு. முக்கால் வேகத்துல வச்சா, ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிட்டு ஓடுத வார்த்தையெல்லாம் பிரிஞ்சு கேக்குமாம். அது வேலையத்தவன் பாக்க வேலை.

மூணாவது, பேச்சு முழுக்க எழுத்துலயும் பக்கத்துல கெடக்கு பாரு, அதுல கைய வச்சிராதே. ஒரு வரியைத் தொட்டாப் போதும், வீடியோ தாவிப் போயி அந்த வரியையே திரும்பச் சொல்லும். அப்புறம் நீயும் கூடவே வாய்விட்டுச் சொல்ல வேண்டியதாப் போகும். பக்கத்து வீட்டுக்காரன் என்ன நெனைப்பான்?

நாலாவது, காதுல விழுத புது வார்த்தை அம்புட்டையும் நோட்டுல எழுதிரு. எந்த வாக்கியத்துல வந்துச்சு, எதோட ஜோடி சேந்து வந்துச்சுன்னு மட்டும் குறிச்சிராதே. எழுதின நோட்டை மறுநாள் தெறக்கவும் தெறக்காதே. எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரன், மனப்பாடம் பண்ணினதுல பெரும்பகுதி ஒரு நாளைக்குள்ளயே வடிஞ்சு போகுதுன்னு தன்னையே சோதிச்சுப் பாத்து 1885-லயே எழுதிட்டான். மறுபடி பாக்கலைன்னா மிச்சமும் போயிரும், உனக்கும் பாரம் கொறையும்.

அப்புறம், விசயத்தை மாத்திக்கிட்டே இரு. இன்னிக்கு மூளை, நாளைக்கு விண்வெளி, அதுக்கு மறுநாள் தேனீ. தேனீயைப் பத்தியே மூணு பேரு பேசினதை வரிசையாக் கேட்டியோ, அதே வார்த்தை திரும்பத் திரும்ப வந்து மனசுல தங்கிரும். உசாரா இருந்துக்கோ.

சிமமாண்டா என்கோஸி அடிச்சின்னு நைஜீரியாக்கார அம்மா ஒருத்தி, 2009-ல இதே மேடையில ஒரு சங்கதி சொன்னா. சின்னப் பிள்ளையில அவ எழுதுன கதையில எல்லாரும் ஜிஞ்சர் பீர் குடிப்பாவளாம். வாசிச்ச இங்கிலாந்துப் புத்தகத்துல அவுக குடிச்சாவ, அதனால இவுகளும் குடிச்சாவ. அது என்ன சாமான்னு பிள்ளைக்குத் தெரியாது. நீயும்தான் நேத்து ராத்திரி சாப்பிடும்போது 'பாரடைம் ஷிஃப்ட்'ன்னே. அப்படின்னா என்னலேன்னு கேட்டேன். கரெண்ட் போயிருச்சுன்னு எந்திரிச்சுப் போயிட்டே. கரெண்ட் எங்கலே போச்சு?

சரி, மூஞ்சைத் தூக்காதே. அந்தம்மா பேச்சையே எடு. முதல்ல எழுத்தே இல்லாமக் கேளு, அப்புறம் இங்கிலீஷ் எழுத்தோட கேளு. 'ஸ்டீரியோடைப்' மாதிரி அதுல மறுபடி மறுபடி வாரதா நாலே நாலு வார்த்தை பிடி. அதை வச்சு நம்ம ஊரு சங்கதி ஒண்ணை, மேலத்தெருவைப் பத்திக் கீழத்தெரு பேசுத பேச்சு இருக்கே அதை, சாயங்காலம் எங்கிட்ட இங்கிலீஷ்ல சொல்லு. தாத்தாவுக்கு என்ன தெரியப்போகுதுன்னு தைரியமாவே சொல்லு. தப்பு வந்தா நான் ஒண்ணும் பேசமாட்டேன், லேசா இருமுவேன். அம்புட்டுத்தான்.