தட்டை உலகில் தென் துருவம் எங்கே?

கேள்வி: பூமி தட்டை என்று சாதிக்கும் நண்பரோடு வாதாடி அலுத்துவிட்டேன். அவர் வாயை அடைக்க ஒரே ஒரு கேள்வி கொடுங்களேன்.

பதில்: வாயை அடைக்க வேண்டாம், வரைபடத்தை விரிக்கச் சொல்லுங்கள். தட்டைக் கட்சியினர் வழக்கமாகக் காட்டும் படத்தில் வட துருவம் தோசைக்கு நடுவில் இருக்கும். அண்டார்க்டிகா சுற்றிலும் முறுகிய விளிம்பு. அதில் சிட்னியிலிருந்து சிலி நாட்டின் சாண்டியாகோவுக்கு ஒரு கோடு போடச் சொல்லுங்கள். 25,000 கிலோமீட்டருக்கு மேல் வரும். குவாண்டாஸ் விமானம் அந்தத் தூரத்தை எங்கும் நிற்காமல் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. அப்படியானால் அது மணிக்கு 2,000 கிலோமீட்டர் வேகத்தில், ஒலியை முந்திக்கொண்டு பறந்தாக வேண்டும்! உருண்டைப் பூமியில் அதே தூரம் சுமார் 11,300 கிலோமீட்டர்தான். வேகம் 900 சொச்சம். பயணிகள் ஜெட் விமானங்களுக்கு வழக்கமாக உள்ள வேகம்தான் அது. நண்பர் பேச்சை வடக்கே இழுப்பார், விடாதீர்கள். தெற்கே போகப் போகத்தான் அந்தப் படம் கிழிகிறது.

கேள்வி: அண்டார்க்டிகாவுக்கு மேலே விமானங்கள் பறப்பதே இல்லை, எதையோ மறைக்கிறார்கள் என்கிறாரே?

பதில்: மறைக்க எதுவும் இல்லை, எல்லாம் வியாபாரக் கணக்கு. வட துருவத்தின் இரு பக்கமும் கோடிக்கணக்கான மக்கள் வாழ்கிறார்கள், அதனால் அந்த வழியில் டிக்கெட் விற்கிறது. 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு அப்படித்தான் வந்தார்கள். தென் துருவத்தைத் தாண்டினால்தான் குறுக்குவழி என்று சொல்லத்தக்க நகரங்கள் மிகக் குறைவு. நடுவழியில் இயந்திரம் பழுதானால் இறங்க விமான நிலையமும் இல்லை. ஆனாலும் 1977 அக்டோபரில் பான் ஆம் விமானம் ஒன்று இரு துருவங்களையும் தாண்டி உலகைச் சுற்றியது. கேப் டவுனில் கிளம்பி, தென் துருவத்தின் மேலே பறந்து, ஆக்லாந்தில் இறங்கியது. நண்பரின் படத்தில் அந்த வழியை வரைந்து காட்டச் சொல்லுங்கள். பென்சில் மேசைக்குப் போய்விடும்.

கேள்வி: அண்டார்க்டிகாவைத் தரை வழியாக யாராவது கடந்திருக்கிறார்களா?

பதில்: 1957-58இல் ஆய்வுப் பயணி விவியன் ஃபூக்ஸின் குழு கடந்தது. ஒரு கடற்கரையில் ஏறி, துருவத்தைத் தொட்டு, மறு கடற்கரையில் இறங்கியது. 99 நாட்கள்.

கேள்வி: இந்த வாதங்களால் யாராவது மனம் மாறியதுண்டா?

பதில்: வாதத்தால் மாறியவர்கள் குறைவு. பார்த்து மாறியவர் உண்டு. அண்டார்க்டிகாவின் கோடையில் சூரியன் 24 மணி நேரமும் மறையாது. தோசை விளிம்பில் அது நடக்கவே முடியாது. சூரியன் எதிர் விளிம்புக்குப் போகும்போது இந்தப் பக்கம் இருட்டியாக வேண்டும். 2024 டிசம்பரில் வில் டஃபி என்ற அமெரிக்கப் போதகர் இரு தரப்பினரையும் அங்கே அழைத்துப் போனார். தட்டைத் தரப்பின் பிரபல யூடியூபர் ஜெரன் காம்பனெல்லா, சூரியன் வானில் முழுச் சுற்று சுற்றுவதைக் கண்டு, இந்த விஷயத்தில் தான் நினைத்தது தவறு என்று கேமரா முன்பே சொன்னார். கூட்டாளிகள் துரோகி என்பார்கள் என்று தெரிந்தே சொன்னார். அந்த நேர்மைக்கு நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.

கேள்வி: நண்பர் பந்தயத்துக்குக் கூப்பிடுகிறார். கட்டலாமா?

பதில்: கூடவே கூடாது! 1870இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு கால்வாயில், ஆறு மைல் தூரத்துக்குள் நீர்ப்பரப்பு வளைவதைத் தொலைநோக்கியால் நிரூபித்தார் இயற்கையியலாளர் ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ். பந்தயத் தொகை 500 பவுண்டு அவருக்கே என்று நடுவர் தீர்ப்பளித்தார். பூமி தட்டை என்று பந்தயம் கட்டித் தோற்ற ஜான் ஹாம்ப்டன் பல ஆண்டுகள் அவதூறுக் கடிதம் எழுதியே வாலஸை வாட்டினார், அதற்காகச் சிறைக்கும் போனார். பந்தயம் சட்டப்படி செல்லாது என்று கடைசியில் நீதிமன்றம் சொல்லிவிட, வென்ற பணத்தையும் வாலஸ் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது.